ஆறு மணிச் சண்டை

மாத்திரை வேலை செய்யவில்லை.

மூன்று வாரம் போட்டேன். தலை வலித்தது. வாய் உலர்ந்தது. தூக்கம் மட்டும் போகவில்லை.

எனக்கு ராத்திரியில் மூச்சு அடைக்கிற வியாதி. மூக்கில் மெஷின் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். அப்படியும் பகலெல்லாம் கண் சொக்கும். எதிலும் மனசு ஒட்டாது. கட்டிலே கதி. உழவு ஓட்டும்போது டிராக்டரிலேயே தூங்கிப்போய், பக்கத்து வயல் வரப்பில் ஏற்றிவிட்டேன். பத்தடி வரப்பு காலி.

அன்றைக்கே மகன் மணிவண்ணன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். டாக்டரிடம் கூட்டிப்போனான். பகலில் விழித்திருக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"அடுத்த செக்கப்புல சரியா இருக்குன்னு டாக்டர் சொல்லணும். இல்லன்னா மடுகரை ஆளு வந்து டிராக்டர ஓட்டிக்கினு போயிடுவாரு. வெல பேசி முடிச்சாச்சு."

முப்பது வருஷமாக டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தவன் நான்.

மருமகள் மகாலட்சுமி டாக்டருக்குப் போன் போட்டாள்.

"எத்தன மணிக்குப் போடறாரு?"

"எழுந்ததும் சார். பத்து, பத்தரை ஆவும்."

"அதான் தப்பு. ஏழுக்குள்ள போடணும். லேட்டா போட்டா ராத்திரி தூக்கம் கெடும். அப்புறம் பகல்ல எப்படி முழிச்சிருப்பாரு?"

மறுநாள் ஆறு மணிக்கு வந்து எழுப்பினாள்.

"இன்னா, வூடு பத்திக்கிச்சா?" என்று கத்தினேன். ஓடிவிட்டாள்.

அடுத்த நாள் மகன் எழுப்பினான். சொம்பு பறந்தது.

அதற்கடுத்த நாள் யாரும் கிட்டே வரவில்லை. பத்தரைக்கு எழுந்தேன்.

நாலாம் நாள் காலை ஆறு மணி. வாசலில் சத்தம்.

"டேய் நடேசா! வெளிய வாடா! என் வரப்ப இடிச்சிட்டு இன்னா தூக்கம் வேண்டியிருக்கு ஒனக்கு?"

சிங்காரவேலு. அந்தப் பக்கத்து வயல்காரன். ஏரித் தண்ணீர் முறையில் சண்டை வந்து ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. வரப்பு இடிந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போதுதான் ரோஷம் வந்ததாம்.

மெஷினைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்தேன்.

"சத்தம் போடறதுக்கு முன்னாடி இதப் போட்டுக்குங்க மாமா." மகாலட்சுமி தண்ணீரும் மாத்திரையுமாக நின்றாள். விழுங்கிவிட்டு வாசலுக்குப் போனேன்.

"இன்னாடா வோணும் ஒனக்கு?"

"வரப்பப் போடு. என் நடவுத் தண்ணி பூரா ஒன் வயல்ல வடியுது."

"சாவி இல்லாம நான் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன். போடா."

"தூங்குமூஞ்சிக்கு எதுக்குடா டிராக்டரு? மடுகரைக்காரனுக்கே குடுத்துத் தொல."

அரை மணி நேரம் நடந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது.

மறுநாளும் ஆறுக்கு வந்தான். அதற்கு மறுநாளும். மழை கொட்டிய அன்று குடை பிடித்துக்கொண்டு வந்து கத்தினான். ஒரு நாள் கத்த விஷயம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எண்பத்து நாலில் அவன் சைக்கிளை நான் பஞ்சர் பண்ணியதை எடுத்துக்கொண்டான்.

இதில் கூத்து, மருமகள் அவனுக்கு டீ கொடுத்தாள்.

"எதிரிக்கு டீயா?"

"தொண்ட கட்டிக்கும் மாமா, பாவம்."

தின்பது என் வீட்டுச் சோறு. சேர்ந்தது சிங்காரவேலு கட்சி.

இரண்டு வாரத்தில் எனக்கு ஐந்தரைக்கே விழிப்பு வந்தது. இன்றைக்கு அவனை எப்படி மடக்கலாம் என்று யோசித்தபடி படுத்திருப்பேன். பகலில் கண் சொக்கவில்லை. பசித்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் டிராக்டர் கொட்டகையைக் கூட்டினேன்.

செக்கப்பில், பகலில் கண் சொக்குகிறதா என்று டாக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில் தலையாட்டினார்.

"நல்லா இருக்கு. டிராக்டர் ஓட்டலாம். கண்ணு சொக்கினா உடனே நிறுத்திடணும். காலையில யாரு எழுப்பிவிடறாங்க?"

"எவனும் இல்ல. நானேதான் எழுந்துக்கறேன்."

மகாலட்சுமி மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தாள்.

எங்கள் ஊர் கிருமாம்பாக்கம் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கையை நீட்டினேன். மணிவண்ணன் சாவியைக் கொடுத்தான்.

முதல் வேலை வரப்பு. அவன் வாயை அடைக்க வேண்டும். மண்வெட்டியை டிராக்டரில் போட்டுக்கொண்டு போனேன்.

வரப்பு முழுசாக இருந்தது. மேலே நாலு விரல் உயரத்துக்குப் புல்.

சிங்காரவேலு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த அமுதம் நிமிர்ந்தாள்.

"இன்னா தேடறீங்க பெரிப்பா?"

"இடிஞ்ச வரப்ப."

"அதுவா? இடிஞ்ச மறுநாளே அவரே மண்ணு வெட்டிப் போட்டுட்டாரே."

"அப்புறம் எதுக்கு எங்க வூட்டாண்ட தினம் வந்து கத்தறான்?"

"நானும் கேட்டேன். ஒங்க மருமவ வந்து அழுதுச்சாம். 'அவன் நேரத்துக்கு மாத்திர போடணும். வூட்ல யாரு எழுப்பினாலும் எழுந்துக்க மாட்டான். என்னப் பாத்தா சண்டைக்காவது எழுந்துக்குவான்'னாரு."

டிராக்டரில் ஏறினேன். சாவியைத் திருப்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அடுத்த மாதம் மறுபடி டாக்டர். யார் எழுப்பிவிடுகிறார்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

சிங்காரவேலு.