காந்தளின் ரோஷம்

கோடையில் செங்காந்தள் கொடி தரையோடு காய்ந்தது. மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு கிடந்தது.

"போய்ச் சேர்ந்துட்டா. இனி அந்த இடமும் எனக்குத்தான்" என்று பக்கத்துக் காகிதப்பூச் செடி ஓணானிடம் சொன்னது கிழங்கின் காதில் விழுந்தது.

ஆடி மழைக்குக் காந்தள் மறுபடி முளைத்தது. பற்றி ஏற ஒன்றுமில்லாமல் காற்றில் தள்ளாடியது.

"என் தோளைப் பிடிச்சுக்கோ தங்கச்சி, ஒடிஞ்சிடுவே" என்றது காகிதப்பூ.

"செத்தவளுக்கு எதுக்கு அக்கா தோள்?"

காந்தள் மூன்று முழம் மண்ணில் தவழ்ந்தது. இரண்டு இலை கிழிந்தது. கடைசியில் ஒரு காய்ந்த முள்கொம்பை இலைநுனியால் சுற்றிப் பிடித்து ஏறியது.

புரட்டாசியில் கொம்பு முழுக்கத் தீப்பிடித்தாற்போலப் பூத்தது. தோட்டத்துக்கு வந்தவர்களெல்லாம் அங்கேயே நின்றார்கள். காகிதப்பூவும் எட்டி எட்டிப் பார்த்தது.

காந்தள் ஒரு மொட்டைக்கூட அந்தப் பக்கம் திருப்பவில்லை.