காளான் அறைக்கு ஒரு ஃபேன்

"இன்னிக்காவது அந்த ஆளுக்கு ஒரு ஃபேனை விக்கிறியா, இல்ல வேற வேலை பாத்துக்கிறியா?"

கடையைத் திறந்ததுமே மேனேஜர் கேட்டுவிட்டார். அவர் வந்து ஒரு மாதம்கூட முடியவில்லை. முதலாளிக்கு மச்சான் முறை என்பதால் குரலில் மட்டும் இருபது வருஷ சர்வீஸ் தெரியும்.

சேல்ஸ் பெண் தலையாட்டினாள். இந்த வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். மேனேஜருக்கும் அது தெரியும், அதனால்தான் அந்த இடத்திலேயே கை வைத்தார்.

'அந்த ஆள்' என்பவர் காளான் சார். கடையில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் அது. அறுபதைத் தாண்டியவர், ரிட்டயர் ஆனவர். வீட்டில் சும்மா கிடக்கிற ஓர் உள்ரூமில் பைகளைத் தொங்கவிட்டுக் காளான் வளர்க்கப் போகிறார். அதற்கு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். விலை கையைக் கடிக்கக் கூடாது, கரண்ட் குறைவாக இழுக்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான், ஆனால் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தினமும் பதினோரு மணிக்கு, கடை ஈ ஓட்டுகிற நேரமாகப் பார்த்து வருவார். சட்டை இஸ்திரி போட்டிருக்கும். சட்டைப்பையில் அளவு எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். முதல் வார்த்தை கரகரவென்று வரும், இரண்டு தரம் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

சேல்ஸ் பெண் ஸ்டூலை இழுத்துப் போடுவாள். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, அறைக் காற்று முழுசாக வெளியேற எந்த ஃபேனுக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவாள். காற்று தேங்கினால் காளானுக்குத் தண்டு மட்டும் நீண்டு குடை விரியாது என்பாள். ஃபேன் ரொம்பப் பெரிசாகப் போனாலோ ஈரத்தையெல்லாம் உறிஞ்சிப் பை காய்ந்துவிடும் என்பாள். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, அவர் கையிலிருக்கிற சீட்டையே பக்கத்தில் காட்டச் சொல்லுவாள். சீட்டு படபடத்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

முக்கால் மணி நேரம் இப்படிப் போகும். கடைசியில் ஒரு ஃபேன் முடிவாகிற சமயம் பார்த்து, இவளே கெடுப்பாள்.

"எதுக்கும் ஜன்னல் எத்தனை அங்குலம்னு அளந்துட்டு நாளைக்கு வாங்களேன் சார்."

"அதுவும் சரிதாம்மா" என்று அவரும் எழுந்து போய்விடுவார். மறுநாள் ஜன்னல் அளவு வரும், ஆனால் அறையின் நீளம் மாறியிருக்கும். ஒரு நாள் பத்தடி, ஒரு நாள் ஒன்பதே முக்கால், இன்னொரு நாள் பத்தரை. சாண் ஏறினால் முழம் சறுக்கும், கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மேனேஜருக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. தேடி வந்த வியாபாரத்தை வாசல் வரை போய் வழியனுப்புகிற பெண்ணை அவர் எந்தக் கடையிலும் பார்த்ததில்லையாம். இவளுக்கு விற்கத் தெரியவில்லை, அந்த ஆளுக்கு வாங்க மனசில்லை, நல்ல ஜோடி என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அன்றும் பதினோரு மணிக்குக் காளான் சார் வந்தார். ஸ்டூலில் உட்காருவதற்குள் மேனேஜர் குறுக்கே வந்து நின்றார். எப்படி விற்பது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி, பெண்ணை நகர்ந்து நிற்க வைத்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார். பத்தேகால் என்றிருந்தது.

"நேத்து ஒன்பதே முக்கால்னீங்க. உங்க ரூம் என்ன சார், ரப்பரா?"

காளான் சாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"டேப்போட அந்த முனையைப் பிடிச்சுக்க ஆளில்லைங்க. செங்கல்லை வச்சு அழுத்திட்டு இந்தப் பக்கம் வந்து இழுத்தா, அது நகர்ந்துடுது."

மேனேஜர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. நடு சைஸில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். இருபது வாட்தான், சத்தம் கிடையாது, பத்தடி ரூமுக்கு முன்னே பின்னே இருந்தாலும் இதுவே போதும் என்றார். விலையில் கொஞ்சம் குறைத்தார். இன்றைக்கே எலக்ட்ரீஷியனை அனுப்பி மாட்டிக் கொடுப்பதாகவும் சொன்னார். மறுக்க ஒரு காரணமும் மிச்சமில்லை.

காளான் சார் சேல்ஸ் பெண்ணை ஒரு தரம் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பில் போட்டாள்.

"இதுல ஏதாவது கோளாறுன்னா, இங்க கொண்டு வரலாமா?" என்று கேட்டார்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது சார். நீங்க இந்தப் பக்கமே வர வேண்டியதில்ல" என்றார் மேனேஜர்.

அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

மறுநாள் பதினோரு மணி ஆனது, பதினொன்றரையும் ஆனது. யாரும் வரவில்லை. சேல்ஸ் பெண் ஃபேன்களைத் துடைப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

மேனேஜர் நல்ல குஷியில் இருந்தார். "பாத்தியா, ஏழே நிமிஷம். மூணு வாரமாக் கணக்குப் போட்டும், அந்த ரூமுக்கு எந்த ஃபேன்னு உனக்குச் சொல்லத் தெரியலியே."

வேலை போனாலும் போகட்டும் என்று அவள் நிமிர்ந்தாள்.

"மொத நாளே தெரியும் சார், இதே ஃபேன்தான். வித்துட்டா, அப்புறம் அவர் எதைச் சொல்லிக்கிட்டு இங்க வருவார்?"