மரத்தடி மாதங்கள்

மின்விசிறி நின்றது.

தலைமையாசிரியர் சாத்தப்பன் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பாத்தியாம்மா, உன் விசாலி ஆபீசுக்கே கை வச்சிட்டா. மானியக் கடிதம் வந்த அன்னிக்குக்கூட காத்தாடி போட விடமாட்டா போலிருக்கு."

ஆசிரியை யோகேஸ்வரியும் சிரித்தாள். ஐந்தாம் ஆண்டு மாணவி விசாலிதான் பள்ளியின் சுவிட்ச் மானிட்டர். எந்த அறையிலாவது விளக்கு வீணாக எரிந்தால் ஓடிப்போய் அணைத்துவிடுவாள். அலுவலகத்தின் சுவிட்சுகள் வெளியே வராந்தாவில்தான் இருந்தன.

இன்னும் பிரிக்காத கடிதம் யோகேஸ்வரியின் கையில் இருந்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் மின்சாரத்தைச் சேமிக்க அரசாங்கம் தரும் மானியம். கிடைத்தால் கூரைமேல் சூரியத் தகடுகள், வகுப்புக்கு நான்கு புது மின்விசிறிகள். சாஆ ஊரின் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, தகரக் கூரைக்குக் கீழே, முப்பத்தொரு பிள்ளைகள் வேகாமல் படிக்கலாம்.

விண்ணப்பத்தை நிரப்பியவள் அவள்தான். நான்கு முறை சரிபார்த்தாள். ஐந்தாம் முறையும் சந்தேகமாகவே இருந்தது.

கடைசி மூன்று மாத மின்கட்டணச் சீட்டுகளை இணைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. குறைவாகச் செலவழிக்கும் பள்ளிக்குத்தானே கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அப்போது அனுப்புவதற்குச் சரியாக மூன்று மாதம் இருந்தது.

பள்ளி மரத்தடிக்கு இடம் மாறியது.

காலையில் ஜன்னல்களைச் சாத்தி, அறைகளைப் பூட்டி, எல்லா வகுப்புகளும் பின்புறத்துத் தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே. மழை வந்தால் மட்டும் உள்ளே. தினமும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினாள். நாளுக்குப் பதினெட்டு யூனிட் ஓடிக்கொண்டிருந்தது இரண்டுக்கு இறங்கியது.

"பிரிம்மா. உறையப் பாத்துக்கிட்டே இருந்தா அதுவா படிச்சுக் காட்டுமா?" என்றார் சாத்தப்பன்.

பிரித்தாள். மலாய் மொழியில் இருந்தது. முதல் வரியைத் தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று நினைத்து மறுபடியும் படித்தாள்.

மின்பயன்பாட்டைப் பார்த்தும் நேரில் ஆய்வு செய்தும், இந்தக் கட்டடத்தில் ஆட்கள் யாரும் இல்லை என்று தெரிய வருகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

சாத்தப்பன் எட்டிப் பார்த்தார்.

"அலமாக்! ஆளே இல்லையாமா? அப்ப நாம யாரு?"

ஆய்வு நடந்தது மே 14, காலை 10.20 மணி என்று கடிதத்தில் இருந்தது.

நோட்டைப் புரட்டினாள்.

மே 14. தலைமையாசிரியருக்குச் சிகாமாட்டில் கூட்டம். அலுவலகம் பூட்டு. பத்து மணி முதல் பத்தரை வரை மரத்தடியில் மௌன வாசிப்பு. முன்பக்கம் ஏதோ வண்டிச் சத்தம். செம்பனை லாரியாக இருக்கும். பிள்ளைகள் மூச்சுக்கூட விடவில்லை. எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

கடிதத்தோடு ஒரு படத்தையும் இணைத்திருந்தார்கள். மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தது. வரிசை குலையாத நாற்காலிகள். கரும்பலகையில் அவளுடைய அழகான கையெழுத்து:

ஆளில்லாத அறைக்கு மின்சாரம் எதற்கு?

இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி. காலியாகக் கிடக்கும் கட்டடங்களில் மின்சாரம் வீணாவதைத் தடுப்பதும் இதே திட்டத்தின் நோக்கம் என்பதால், என்று அது தொடங்கியது. முடிவில் ஒரு தேதி இருந்தது.

அவள் சுவர் நாள்காட்டியைப் பார்த்தாள். சாத்தப்பனும் பார்த்தார். பிறகு இருவரும் அசையாமல் நிற்கும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

வாசலில் விசாலி நின்றிருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"டீச்சர், சத்தியமா நான் ஆஃப் பண்ணல. எல்லா சுவிட்சும் போட்டபடிதான் இருக்கு."