யோசிக்கும் கால்

"நேரா ஓடும்போது ஒண்ணும் தெரியல. இடது பக்கம் திரும்பணும்னா மட்டும் உன் கால் யோசிக்குது" என்றார் கோச். "தடுக்கிறவ கால் யோசிச்சா பந்து கோலுக்குள்ள போயிடும்மா."

அவள் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள். அந்த ஹாக்கி அணியில் அவளுக்குப் பூட்டு என்று பெயர். அவளைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக முடியாத எதிரணிக்காரிகள் வைத்த பெயர். இன்றைக்கு, புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் அவளை ஏமாற்றிவிட்டு அநாயாசமாகப் போனாள். போகிற போக்கில் "ஸாரிக்கா" என்று வேறு சொன்னாள். பந்து போனதைவிட அதுதான் வலித்தது.

"இன்னொரு தடவை வரச் சொல்லுங்க சார்."

"போதும். காலைப் பாரு, எப்படி வீங்கியிருக்கு."

வீட்டுக் கொல்லையில் வழுக்கி விழுந்ததில் முறிந்தது என்று அவள் சொல்லியிருந்த கணுக்கால் அது. உள்ளே தகடு வைத்துத் திருகாணி முடுக்கியிருந்தார்கள். நடக்கலாம், படி ஏறலாம், ஆட்டத்தை மட்டும் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கோச் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உனக்கு முப்பது தாண்டியாச்சு. நீ ஆடாத போட்டி இல்ல. ஜூனியர் பொண்ணுங்களுக்குக் கத்துக்கொடு, நான் மேலிடத்துல பேசறேன். எதுக்கு உன்னை நீயே வதைச்சுக்கிற? யாருக்கு என்ன காட்டணும்?"

"ஒரே ஒரு மேட்ச் சார். கடைசி வரைக்கும். அப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கறேன்."

"உன்கிட்ட பேசறதுக்கு அந்தக் கோல் கம்பத்துக்கிட்டப் பேசலாம்" என்று அவர் எழுந்து போனார்.

வீட்டில் அம்மா வெந்நீர் வாளியோடு காத்திருந்தாள்.

"நொண்டிக்கிட்டுப் போற, நொண்டிக்கிட்டு வர்ற. பெத்த வயிறு எரியாதா?"

"மெதுவா பேசும்மா." பூட்டு, தங்கை படுத்திருந்த உள் அறையின் சாத்திய கதவைப் பார்த்தாள்.

"எதுக்கு மெதுவா? அவ காதுல விழட்டும். கூடப்பிறந்தவ ஆஸ்பத்திரியில கிடந்தப்ப வந்து எட்டிப் பார்த்தாளா? கால் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா? உன்னைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறா. ஆட்டமும் இல்ல, காலேஜும் இல்ல, சுவத்தைப் பார்த்துப் படுத்தா படுத்ததுதான். ஒண்ணு நொண்டி, ஒண்ணு கல்நெஞ்சு. நல்லா பெத்தேன் போ."

"அவளை ஒண்ணும் சொல்லாதம்மா."

"நீ ஒருத்தி, தாங்கு தாங்குன்னு தாங்கு."

பூட்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். தங்கைக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தவள் இப்போது எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள்.

மறுநாளும் மைதானத்துக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். தலையணை மேல் ஒற்றைக் காலில் நின்று பழகினாள்; விழுந்தாள்; மறுபடி நின்றாள். வலித்தால் சொல்லுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். சொன்னால் நிறுத்திவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆட்டக்காரர்களை அறிவித்தபோதெல்லாம் அவள் பெயர் இல்லை. ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நீட்டினாள். அணியின் சின்னப் பெண்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு அதுவும் அலுத்துப்போய்விட்டது. இனி இந்தக் கால் தேறாது என்று அவளுக்கே பல நாள் தோன்றியது. ஆனாலும் விடியும்போது ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று தடுப்பாட்டக்காரி ஒருத்திக்குக் காய்ச்சல். கோச்சுக்கு வேறு ஆள் இல்லை.

"சமாளிச்சா போதும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எதிரணிக்கு அவள் கால் விஷயம் தெரிந்திருந்தது. வேண்டுமென்றே இடது பக்கமாகவே வந்தார்கள். முதல் பந்து அவளைத் தாண்டிப் போய்க் கோலானது. அவள் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள். அடுத்து வந்தவள் இடது பக்கம் வெட்டியபோது கால் யோசிக்கவில்லை. தானாகத் திரும்பியது. மட்டை தரையோடு தரையாகப் படுத்தது. பந்து அதில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஆட்டம் முடியும்வரை அந்தப் பக்கம் ஒரு பந்தும் போகவில்லை.

கோச் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தார். "துருப்பிடிச்சிடுச்சுன்னு நினைச்சேன். மன்னிச்சுக்கோம்மா. அடுத்த சீசன் முழுக்க நீதான்."

"வேண்டாம் சார். ஜூனியர் பொண்ணுங்களைப் பார்த்துக்கறேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? இதுக்கா இவ்வளவு பாடுபட்ட?"

அவள் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வியர்வை காயாத ஜெர்சியோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா சமையலறையில் இருந்தாள். பூட்டு உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தங்கை வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"இங்க பாரு. முழு மேட்ச் ஆடிட்டு வந்திருக்கேன். நொண்டாம வந்திருக்கேன்."

தங்கை போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். போர்வைக்குள் உடம்பு குலுங்கியது.

பூட்டு கட்டிலில் உட்கார்ந்து, அந்தத் தலைமேல் கை வைத்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "நான் வழுக்கி விழுந்தேன்னுதான் இன்னிக்கும் எல்லாரும் நம்பறாங்க, அது அப்படியே இருக்கட்டும், உன் மட்டை தவறிப் பட்டுதா, கோபத்துல வீசினியான்னு நான் என்னிக்கும் கேக்க மாட்டேன். நீ உடைச்ச கால் நல்லாயிடுச்சுடி, எழுந்து ரெண்டு வாய் சாப்பிடு."