பழைய டேப்

வைத்திலிங்கம் அடித்த நான்காவது பந்தும் வலப்பக்கம் வளைந்து முந்திரி மரங்களுக்குள் போய் விழுந்தது.

ராபர்ட்டுக்குப் புரியவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு சென்னையிலிருந்து கடலூருக்கு வந்து, தொழிற்சாலை மைதானத்தில் கோல்ஃப் சொல்லித்தரும் கோச் அவர். போன மாதம்தான் இந்தக் கோளாறைச் சரிசெய்திருந்தார். அன்று இருபது பந்துகளில் பதினெட்டு நேராகப் போயின.

அதனால்தான் இன்று காலை வந்ததும், "பழைய டேப் இனிமே வேணாம் சார். நாலு பந்து அடிங்க, நேரா போச்சுன்னா அதுமேலயே புதுசா எடுத்துடறேன்" என்றிருந்தார்.

இப்போது டேப்பைப் பின்னுக்கு ஓட்டி, கேமராவின் சின்னத் திரையைத் திருப்பி, வெயில் படாமல் தொப்பியால் மறைத்துக்கொண்டார்.

ஜனவரியில் எடுத்தது. திரையில் வைத்திலிங்கம் மட்டையை ஓங்கினார். ராபர்ட் பேனா முனையால் அவர் தோளைத் தொட்டுக் காட்டினார். முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், பிறகுதான் தோள். அவசரப்பட்டால் பந்து வலப்பக்கம்தான் போகும்.

வைத்திலிங்கம் தலையாட்டினார். அது அவருக்குத் தெரியும். நாலு முறையும் வேண்டுமென்றேதான் தோளை முதலில் திருப்பியிருந்தார்.

"இன்னொரு வாட்டி போடுங்க."

ராபர்ட் போட்டார். மறுபடியும் போட்டார். இவ்வளவு அக்கறையாகக் கற்றுக்கொள்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. இந்த டேப்பை இப்போதைக்கு அழிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

வைத்திலிங்கம் அந்த டேப்பைக் கேட்டே வாங்கியிருக்கலாம். ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு அதற்கு இன்னும் வாய் வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஏப்ரலிலிருந்து சாப்பிட்டார், ஆபீஸ் போனார், ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து அடித்தார். அவ்வளவுதான்.

திரையின் இடது ஓரத்தில், ராபர்ட்டின் பேனா ஒரு முறையும் போகாத இடத்தில், ஸ்கூட்டியில் சாய்ந்து நின்ற பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தோளில் காலேஜ் பை. காற்றில் பாதி கரைந்த குரலில் கூப்பிட்டாள்.

"அப்பா, போலாம்ப்பா. சிதம்பரம் பஸ் போயிடும்."

வீட்டில் பிரீதாவின் போட்டோ இருந்தது, மாலையோடு. குரல் இதில் மட்டும்தான் இருந்தது.