பூவுக்குப் பிறகு

கிருபாபாய் நீட்டிய கடிதம் ஜெர்மனில் இல்லை.

தபால்தலையைப் பார்த்ததும் பால்பாண்டிக்குத் தெரிந்துவிட்டது. நெதர்லாந்து. அங்கே டச்சு பேசுவார்கள்.

மில்லுக்கு வந்த ஜெர்மன் மெஷின்களின் புத்தகத்தை வாசிக்க வேண்டுமென்று, ராஜபாளையத்தில் ஆறு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறான். அந்த ஜெர்மனே அவனுக்கு இன்னும் உருப்படியாக வரவில்லை. வகுப்பு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நின்றவனைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“நான் வேல பாக்குற ராஜு வீட்ல அவிய தெலுங்கு பேசுனா எனக்குப் பாதி விளங்கும். படிச்சிட்டா வந்தேன்? அதுமாரி வாசிலே.”

கப்பல் வேலைக்குப் போன அவள் மகன் தவசிமுத்து, அங்கே ஒரு துறைமுகத்தில் இறங்கியவன் திரும்ப ஏறவில்லை என்று கம்பெனிக்காரர்கள் எழுதி ஒன்றரை வருஷம். அதற்கப்புறம் வந்தது இந்த ஒரு கடிதம்தான், யாரோ ஒரு பொம்பளை கைப்பட எழுதியது.

அவன் இருக்கிறானா, இல்லையா. அது தெரிந்தால் போதும் அவளுக்கு.

பால்பாண்டி நோட்டில் மூன்று பத்தியாகக் கோடு போட்டான். டச்சு, ஜெர்மன், இங்கிலீஷ்.

மகன் என்ற சொல்லுக்கு மூன்றிலும் ஒரே சாயல், கூடப்பிறந்தவர்கள் மாதிரி. வீடு. குளிர்காலம். படுக்கை. கை. எழுத்து ஒன்றிரண்டு மாறினாலும் முகம் அடையாளம் தெரிந்தது.

ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான். வகுப்பிலும் அப்படித்தான். எதை எழுதினாலும் தப்போ என்றிருக்கும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அவள், “பொறவு?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை.

பொறவு?

பூக்கள்.

பொறவு?

அடுத்த சொல் ஜெர்மனுக்கும் இங்கிலீஷுக்கும் நட்டநடுவில் நின்றது. இரண்டு பக்கமும் ஓரெழுத்து, ஈரெழுத்துதான் வித்தியாசம்.

கல்லறை.

அவனுடைய கல்லறை.

கேள்விக்குறி போடப் பார்த்தான். கை எழவில்லை.

“இதுக்கு மேல விளங்கல அத்தை. ஆறு மாசப் படிப்புதான.”

பஸ் வந்து நின்று, அவனை ஏற்றாமல் போயிற்று.

கிருபாபாய் நோட்டைப் பார்க்கவேயில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடிதத்தை வாங்கி மடித்தாள்.

“ஜெர்மன் படிச்ச பாதிரியாரும் பூவு வரைக்கும்தாம்லே வாசிச்சாரு. ஒங்க மில்லு இன்ஜினியரும் பூவு வரைக்கும்தான். அம்புட்டுப் பேருக்கும் அந்த எடத்துல வந்துதான் விளங்காமப் போவுது.”