அந்தக் கடைசிப் பார்வை

கிருஷாந்தியைப் பெண் பார்க்க மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்துக்கு வந்த தனுஷன், பலகாரத்தைத் தொடாமல் கைபேசியை அவளிடம் நீட்டினான். யாரும் கண்டுகொள்ளாத நல்ல தொலைக்காட்சித் தொடர்களைத் தேடிப் பிடித்து யூடியூப்பில் விளக்குவதுதான் அவன் தொழில்.

“இந்தத் தொடர உங்க தோட்டத்துலதான் எடுத்திருக்காங்க. பத்து வருசமா ஒருத்தரும் கவனிக்கல. கடைசிக் காட்சியப் பாருங்க. கதாநாயகன் செத்துக் கிடக்கான். சுத்தி நிக்கிற பொம்பளைங்க அழாம, கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிடுறாங்க. ஒருத்தி மட்டும் திரும்பிப் பாக்குறா. அந்தப் பார்வையில இருநூறு வருச வேதனை இருக்கு.”

தேநீரோடு வந்த கிருஷாந்தியின் அம்மா காளியாயி எட்டிப் பார்த்தாள்.

“உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க, அத்தை.”

“அது நான்தாங்க, தம்பி. கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதிருச்சு, நாங்க போயிட்டோம். செத்துக் கிடந்தவரு எந்திரிச்சுக் கத்துனாரு. அதான் திரும்பிப் பாத்தேன்.”

கிருஷாந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தனுஷன் கைபேசியை மெல்லச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“இத வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அத்தை. அந்தப் பார்வையப் பத்தி மட்டும் நாலு வீடியோ போட்டிருக்கேன்.”